அப்பா தேர்ந்தெடுத்த தியானம்

என் அப்பாவுக்கு நடந்ததை நான் யாரிடம் சொல்ல ஆரம்பித்தாலும் பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். கடைசி வரைக்கும் கேட்டால் சிரிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

அவர் பெயர் லோகேஸ்வரன். மாக் மண்டினில் ஒரு தகரப் பட்டறையில் பிரஸ் மெஷின் ஓட்டியவர். கார்களுக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாத இடத்தில் மாட்டுகிற சின்னச் சின்ன இரும்புத் தாங்கிகளை அந்த மெஷின் நாள் முழுக்க அடித்து அடித்துத் தள்ளும். சுங்கை பினாங்கில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டிலிருந்து காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். ஃபெரியில் ஏறி அக்கரைக்குப் போவார். மாலையில் அதே வழியில் திரும்பி வருவார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படித்தான்.

பட்டறையில் காதை அடைத்துக்கொள்ள ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தார்கள். சூப்பர்வைசர் வந்தால் அது எல்லார் காதிலும் இருக்கும். அவர் போனதும் எல்லார் கழுத்திலும் தொங்கும். "அதைப் போட்டா பக்கத்துல இருக்கிறவன் பேசறது கேக்காது லா" என்பார் அப்பா. அந்த இரைச்சலுக்குள்ளேயும் அவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். கத்திக் கத்தித்தான் பேசுவார்கள். வீட்டுக்கு வந்தும் அப்பா கொஞ்ச நேரம் கத்தியே பேசுவார்.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தவர் ஜன்னலையெல்லாம் சாத்தினார். பிறகு சோபாவை நகர்த்தினார்.

"பாப்பா, இங்க எங்கயோ சில்வண்டு பூந்திருக்கு. கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் டார்ச் அடித்து அலமாரிக்குப் பின்னால் தேடினேன். அம்மா அடுப்படியில் தேடினாள். பூச்சி கிடைக்கவில்லை. அடுத்த நாள் ஃபெரியிலும் அந்தச் சில்வண்டு கத்தியது என்று அப்பா சொன்னபோதுதான் எங்களுக்குப் புரிந்தது.

அரசாங்க மருத்துவமனையில் காதுப் பிரிவில் டாக்டர் ரோஹானா என்று ஓர் இளம் டாக்டர் பார்த்தார். கண்ணாடி அறைக்குள் அப்பாவை உட்காரவைத்து, விதவிதமான சத்தங்களைக் கேட்கவைத்துச் சோதித்தார். காதின் உட்புறம் இரைச்சலால் கெட்டுவிட்டது, அந்தச் சில்வண்டுக்கு மாத்திரை கிடையாது என்று மலாயில் பொறுமையாக விளக்கினார். "தியானம் மாதிரி ஏதாவது பழகிப் பாருங்க அங்கிள். சத்தம் போகாது. ஆனா அதோட தொந்தரவு குறையலாம்." இன்னொன்றும் சொன்னார். திடீரென்று ஒரு காது அடைத்தமாதிரி இருந்தாலோ, கேட்பது குறைந்தாலோ, அன்றைக்கே ஓடிவர வேண்டும். காத்திருக்கவே கூடாது.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வெளியே வந்து மோட்டாரை எடுக்கும்போது, "தியானம் பண்ணா போயிருமாம்" என்றார்.

பட்டறையில் அவரை மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். நல்லெண்ணத்தில்தான் மாற்றினார்கள். ஆனால் ஸ்டோர் அமைதியான இடம். அங்கே அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் அவரும் அந்தச் சத்தமும் மட்டும்தான். கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு, ஜார்ஜ்டவுன் தெருக்களில் மோட்டாரில் சாப்பாடு டெலிவரி செய்ய ஆரம்பித்தார். தெரு இரைச்சலில் சில்வண்டு அமுங்கிப்போகும். வீட்டுக்கு வந்தால்தான் கஷ்டம். அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைப் போடுவார். ரேடியோவையும் போடுவார். அதுவும் போதாமல், லொடலொடவென்று ஆடும் பழைய மின்விசிறியைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்வார்.

என் அம்மா குமுதா பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி ஆப்பரேட்டர். அவளுக்குப் பெரும்பாலும் இரவு ஷிப்ட். பகலில்தான் தூங்கவேண்டும்.

"என்னாங்க, கொஞ்சம் குறைங்களேன். ராத்திரி பூரா நின்னுட்டு வந்திருக்கேன்."

"குறைச்சா தலைக்குள்ள கத்துது குமுதா."

"உங்க தலைக்குள்ள கத்துறதுக்கு என் தலைய ஏன் உடைக்கிறீங்க?"

அம்மா ஒரு நாள் வேலையில் நின்றபடியே கண்ணயர்ந்து முன்னால் சாய்ந்துவிட்டாள். கன்னம் மெஷின் ஓரத்தில் இடித்துக் கன்றிப்போனது. அந்த வாரமே அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் பெரியம்மா வீட்டுக்குப் போவதென்று முடிவு செய்தாள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. எனக்குப் பயமாக இருந்ததே அதனால்தான். மிளகாய்த்தூள், மசாலாத்தூள் எல்லாவற்றையும் போத்தலில் நிரப்பி வைத்தாள். அப்பா சட்டைகளைத் தேய்த்து மாட்டினாள். பிறகு அப்பாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"சத்தம் போடாத வீட்ல இருக்கப் பழகுங்க. பழகிட்டேன்னு சொன்ன அன்னிக்கே வந்துடறேன். தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன். அதுக்கு மேல முடியலன்னா அந்தப் பக்கமே ஒரு ஃபேக்டரியில வேலை மாத்திக்குவேன். அப்புறம் நான் இங்க வர்றது கஷ்டம்."

"மாத்திக்குவியா?"

"தூங்கணும்ங்க. வேற ஒண்ணும் இல்ல. எனக்குத் தூங்கணும்."

நான் அப்பாவோடு இருந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தின் கடைசித் தேர்வான எஸ்.பி.எம். முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பதென்று முடிவெடுக்க முடியாமல் ஜெலுத்தோங்கில் ஒரு போன் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போன அன்று அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்தத் தியானம் சீக்கிரம் பலிக்கும்னு போன்ல பாரு."

போனில் ஆயிரம் இருந்தன. ஒன்றைப் போட்டேன். ஒரு பெண் குரல், உங்களைச் சுற்றியிருக்கும் அமைதியைக் கவனியுங்கள் என்றது. அப்பா ஒரு கண்ணைத் திறந்து, "எந்த அமைதிய சொல்லுது அது?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. அதோடு அந்த வீடியோ முடிந்தது.

பிறகு பக்கத்தில் ஒரு பௌத்த மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்ப வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். நடத்தியவர் அங்கிள் தியோ என்ற சீனர். அரைக்கால் சட்டையோடு வந்து, எல்லாரையும் மூச்சைக் கவனிக்கச் சொன்னார். வகுப்பு முடிந்ததும் அப்பா அவரிடம் மலாயில் காதைப் பற்றிச் சொன்னார். அவர் நன்றாகக் கேட்டுக்கொண்டார்.

"சத்தம் வந்தா வரட்டும் லா. துரத்தவும் வேணாம், பின்னாலயே ஓடவும் வேணாம். அது பாட்டுக்கு இருக்கட்டும், நீங்க பாட்டுக்கு இருங்க."

"எப்ப போகும்?"

"போகாமலே இருக்கலாம்."

"போகாதா?"

"போகணும்னு உட்கார்ந்தா ரொம்பக் கஷ்டம், பிரதர்."

வாசலில் செருப்பை மாட்டும்போதே அப்பா சலித்துக்கொண்டார். "போகாதுன்னா எதுக்கு உட்காரணும்? இது என்ன பொழைப்பு?"

அதை நான் தவறென்று நினைக்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த வழி நேர்த்திக்கடன்தான். சிறுவயதில் எனக்குக் காய்ச்சல் வந்து இறங்காமல் இருந்தபோது, தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டார். காய்ச்சல் இறங்கியது. தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தார். எதையாவது வேண்டித்தான் விரதம் இருப்பது. விரதத்தைச் சுத்தமாக முடித்தால் வேண்டியது நடக்கும். தியானத்தையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். மீன், இறைச்சியை நிறுத்தினார். தரையில் பாய் விரித்துப் படுத்தார். கழுத்தில் மாலை போட்டுக்கொண்டார். ஒரு மண்டலம் விடாமல் உட்காருவது, அது முடியும்போது சத்தம் நிற்கும், அம்மா வருவாள். இதுதான் அவருடைய கணக்கு.

எதைச் செய்தபடி உட்காருவது என்பதுதான் முடிவாகவில்லை. பட்டறையில் அவரோடு வேலை பார்த்த சின்னையா மாமா ஒரு மந்திரத்தைச் சொல்லி, மணியை உருட்டச் சொன்னார். அப்பா உருட்டினார். நடுவில் சில்வண்டு மந்திரத்தைத் தின்றுவிட்டது. ஒரு நாள் விட்டுப்போனால் விரதம் முறிந்தது என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இப்படி ஆரம்பித்துக்கொண்டே இருந்தார்.

"உனக்கு இது ஒத்துவராது மாப்ள" என்றார் சின்னையா மாமா. "எங்க ஐயாகிட்ட வா. காதுலயே வேலை செய்யிற தியானம் ஒண்ணு இருக்கு."

அந்த ஐயாவின் பெயர் சிதம்பரநாதன். பட்டர்வொர்த்தில் ஒரு டயர் கடைக்கு மேலே, மாடியில் ஓர் அறை. அப்பா துணைக்கு என்னையும் அழைத்துப்போனார். வெள்ளை வேட்டி கட்டிய ஆண்கள் பாய்களில் உட்கார்ந்திருந்தார்கள். காசு எதுவும் வாங்கவில்லை. டீயும் அவர்களே போட்டுக் கொடுத்தார்கள். டீ குடிக்கும்போது ஒவ்வொருவரும் என்ன வேலை பார்த்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஐயா கப்பல் பட்டறையில் இரும்பு தட்டியவர். ஒருவர் அரிசி ஆலை. ஒருவர் கருங்கல் உடைக்கும் இடம். சின்னையா மாமா பிரஸ் மெஷின் என்பது எனக்கே தெரியும்.

அப்பா தன் சில்வண்டைப் பற்றிச் சொன்னார். நோயைச் சொல்லும்போது வருகிற கூச்சத்தோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"சத்தமா சொல்லுங்க" என்றார் ஐயா. அப்பா சத்தமாகச் சொன்னார்.

ஐயா கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். "எப்ப இருந்து?"

"தைப்பூசத்துக்கு அப்புறம் இருந்துங்க ஐயா."

"தம்பி, இது சீக்கு இல்ல. இது நாதம். உள்ளுக்குள்ள எப்பவும் ஒலிச்சுக்கிட்டு இருக்கிறது. அதைக் கேக்கணும்னு காட்டுல போய் உட்கார்ந்தவங்க எத்தனையோ பேரு. உங்களுக்குத் தானா தெறந்திருக்கு. டாக்டருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

நாதம் பத்து விதம் என்றார். முதலில் சில்வண்டு. பிறகு மணி, சங்கு, குழல் என்று மாறிக்கொண்டே போய், கடைசியில் கடலும் இடியும் போல ஒலிக்கும். அதற்குப் பிறகு ஒலியே இல்லாத இடம். இதைச் சொல்லும்போது அவர் ஏமாற்றவில்லை. அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதை நான் இப்போதும் நம்புகிறேன்.

அப்பா முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ மாதமாகத் துரத்திக்கொண்டிருந்த பூச்சியை யாரோ பிடித்து அவர் உள்ளங்கையில் வைத்து, இது தங்கம் என்று சொன்னதுபோல இருந்தார்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். நான் கீழே போய்த் தெருவோர ஒட்டுக்கடையில் தின்ன ஏதாவது வாங்கலாம் என்று இறங்கினேன். திரும்பி வந்தபோது பின்னறை அடுப்பில் வைத்திருந்த கெட்டில் விசிலடித்துக்கொண்டிருந்தது. தெருவுக்கே கேட்டிருக்கும். ஒருவரும் எழவில்லை. "ஐயா, தண்ணி கொதிக்குது" என்று வாசலில் நின்று கூப்பிட்டேன். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். அப்பா மட்டும் கண்ணைத் திறந்து, சும்மா இரு என்பதுபோல் கையைக் காட்டினார். மற்றவர்கள் அசையவே இல்லை. இவ்வளவு ஆழமாகப் போக முடியுமா என்று வியந்துகொண்டே நானே போய் அடுப்பை அணைத்தேன்.

அன்றிலிருந்து அப்பா டிவியைப் போடவில்லை. ரேடியோவின் பிளக்கைப் பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டார். வேலை முடிந்து வந்ததும் குளித்து, ஜன்னலோரம் பாயைப் போட்டு, அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்காருவார். முன்பு சத்தத்தை அடிக்க வந்தவனைப்போலப் பார்த்தவர், இப்போது விருந்தாளியைப்போலப் பார்த்தார். எங்கள் வீட்டில் மேல்மாடிக் குழாய் ஒழுகும் ஓசை கேட்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டு நோர்மா அக்கா சோறு கிளறும் சத்தம் கேட்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அம்மா பார்க்க வந்தாள். கதவைத் திறந்து அப்படியே நின்றுவிட்டாள்.

"டிவி கெட்டுப்போச்சா?"

"இல்ல. நான்தான் அணைச்சேன்."

"இப்ப கத்தலையா உள்ள?"

"கத்துது. கத்தட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, சும்மா உட்காருவதுபோல சோபாவில் உட்கார்ந்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சத்தமில்லாமல் சாத்தினார். நான் தண்ணீர் எடுக்கப் போனபோது உதட்டில் விரலை வைத்து என்னைத் தடுத்தார். அவள் எழும்வரை அவர் அந்த நாற்காலியிலிருந்து அசையவில்லை. எங்கள் வீட்டில் நான் பார்த்த மிக நல்ல மத்தியானம் அதுதான்.

போகும்போது அம்மா ஒரு ஜோடிச் செருப்பை வீட்டிலேயே விட்டுப்போனாள். "தீபாவளிக்கு வந்துடறேன். அந்தப் பக்கத்து ஃபேக்டரியில வேலை வேணாம்னு சொல்லிடறேன்" என்றாள்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து, காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா அடுப்படிக்கு வந்தார். முகம் பிரகாசமாக இருந்தது.

"பாப்பா, கடல் வந்துருச்சு."

"என்னது?"

"வலது காதுல. எழுந்திரிக்கும்போதே. சில்வண்டு இல்ல, கடல். ஹோன்னு. நடுவுல உள்ளது எல்லாத்தையும் தாண்டிப் போயிருச்சு பாரேன்."

எனக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. "காது அடைக்குதாப்பா?"

"அடைக்குது. உள்ள போறப்ப வெளிய அடைக்கத்தானே செய்யும்."

"டாக்டர்ட்ட போயிட்டு வந்துரலாம்பா. அவங்க அன்னிக்கே வரச் சொன்னாங்களே."

"மண்டலம் முடியட்டும். நடுவுல மருந்து, ஊசின்னு போனா எல்லாம் முறிஞ்சிரும். மறுபடி மொதல்ல இருந்தா? தீபாவளி வந்துரும்மா."

அவர் கெஞ்சுவதுபோல் பேசினார். அதிகாரமாகப் பேசியிருந்தால் நான் எதிர்த்திருப்பேன். அம்மாவுக்குப் போன் செய்தேன். "இப்பத்தான் அந்த மனுசன் அமைதியா உட்கார்ந்திருக்காரு. நீ ஒண்ணு கிடக்க ஒண்ணு சொல்லி அவரக் கெளப்பிவிடாத" என்றாள். மறுநாளும் கேட்டேன். அதற்கு மறுநாளும் கேட்டேன். "ஐயாகிட்ட சொல்லிட்டேன், அவரு ரொம்பச் சந்தோஷப்பட்டாரு" என்பதுதான் பதில். மாடி அறையில் எல்லாரும் அவரை முன்வரிசையில் உட்காரவைத்தார்களாம். தன்னைவிட வயதான ஒருவர் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாராம். பிரஸ் மெஷின் ஓட்டிய என் அப்பாவின் காலை அதற்கு முன் யாரும் தொட்டதில்லை.

வாரங்கள் போயின. கடைத்தெருவில் தீபாவளி விளக்குகள் கட்ட ஆரம்பித்திருந்தார்கள். ஒரு மாலை அப்பா நான் வேலை செய்யும் போன் கடைக்கு ஹெல்மெட்டோடு வந்தார். என்னோடு வேலை பார்க்கும் சதாமிடம் போனை நீட்டினார்.

"சதாம், இது செத்துப்போச்சுப்பா. சாப்பாடு ஆர்டர் பண்ணவங்க கூப்பிடறாங்க, ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. திட்டிட்டு வெச்சிடறாங்க."

"உங்க போன் எங்க அண்ணே சாவும்? பிரியாணி எண்ணெய் குடிச்சே நூறு வருசம் வாழும்." சதாம் பிரஷ்ஷால் துடைத்துவிட்டு, தன் போனிலிருந்து கூப்பிட்டு, அப்பாவின் போனைக் காதில் வைத்துப் பார்த்தான். "நல்லா கேக்குதே அண்ணே."

அப்பா வாங்கி வலது காதில் வைத்தார். "எங்க கேக்குது?"

"ஹலோ. லோகா அண்ணே, ஹலோ. மீ கோரேங் ஒண்ணு, கொஞ்சம் காரமா."

"ஒண்ணும் கேக்கல லா. நீ வாயத்தான் ஆட்டுற."

சதாம் சிரித்துக்கொண்டே கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு புதுப் போனை எடுத்துக் கொடுத்தான். அப்பா அதையும் வலது காதில் வைத்தார். அழுத்தி வைத்தார். புதுப் போனும் கெட்டுப்போயிருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தார்.

"அப்பா" என்றேன். "இடது காதுல வைங்க."

வைத்தார். கேட்டுவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மறுபடி வலது காதுக்கு மாற்றினார். மறுபடி இடதுக்கு. பிறகு போனை மெதுவாகக் கண்ணாடிமேல் வைத்தார், உடைந்துவிடும் என்பதுபோல. சதாம் கடையில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினான். அதை நிறுத்தியது அப்பாவுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனோம். அதே கண்ணாடி அறை. வலப்பக்கச் சத்தங்களுக்கு அப்பா பொத்தானை அழுத்தவே இல்லை. டாக்டர் ரோஹானா எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நான் சொன்னேன்.

"ஏன் உடனே வரல அங்கிள்?"

அப்பா மடியிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பிக்கொண்டே மலாயில் சொன்னார். "நல்லது ஏதோ நடக்குதுன்னு நெனச்சேன்."

டாக்டர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. முதல் சில நாளிலேயே வந்திருந்தால் மருந்தில் குணமாகும் வாய்ப்பு இருந்தது, இப்போது கொடுத்துப் பார்க்கலாம், நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். மாத்திரை கொடுத்தார்கள். காதுக்குள் ஊசியும் போட்டார்கள். வலது காது திரும்பவில்லை. இடது காது ஏற்கெனவே பாதி கெட்டது. கடல் மட்டும் போகவில்லை. கேட்கும் திறன் போன பிறகும் அந்த இரைச்சல் மட்டும் எப்படி நிற்கிறது என்று நான் கேட்டேன். டாக்டர் விளக்கினார். எனக்குப் புரிந்தது, ஆனால் ஏற்கத்தான் முடியவில்லை.

தீபாவளிக்கு முன்பே அம்மா எல்லாப் பைகளோடும் வந்துவிட்டாள். அவர் விரதம் இருந்து கேட்டது அதைத்தான். வாசலில் அவளைப் பார்த்ததும் அப்பா சிரிக்கப் பார்த்தார். அவள் அவர் வலது காதைத் தொட்டாள். காது வெளியிலிருந்து பார்க்க எப்போதும்போலத்தான் இருந்தது.

அதன்பிறகு அப்பா ஒருமுறை அந்த மாடி அறைக்குப் போனார். கூட நானும் போனேன். படியேறி வாசலில் நின்று, "ஐயா" என்று கூப்பிட்டார். வேட்டி கட்டிய முதுகுகள் வரிசையாக இருந்தன. யாரும் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். பின்னறையில் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது, அன்றைக்குப்போலவே. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கப்பல் பட்டறை. அரிசி ஆலை. கருங்கல். பிரஸ் மெஷின். நான் அப்பாவைப் பார்த்தேன். கெட்டில் அவருக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது, ஆனால் அந்த முதுகுகளைப் பார்த்து அவரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

ஐயாவின் முன்னால் போய் உட்கார்ந்து, அவர் கண் திறக்கும்வரை காத்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சத்தமாக, அறை முழுக்கக் கேட்கும்படி. "எல்லாரும் ஒருக்கா காத டெஸ்ட் பண்ணிப் பாருங்க ஐயா. கெஞ்சிக் கேக்கறேன்."

ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிச் சத்தம் போனதுக்கா வருத்தப்படறீங்க தம்பி? அது போறதுதானே அடுத்த படி. இந்த நேரத்துல சந்தேகம் வரும். வந்தா கீழ இறங்கிருவீங்க."

சின்னையா மாமா, "டாக்டருங்க அப்படித்தான் மாப்ள பயமுறுத்துவாங்க" என்றார். அரிசி ஆலைக்காரர் மட்டும் நாங்கள் படியிறங்கும்போது பின்னாலேயே வந்து, எந்த ஆஸ்பத்திரி என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். கையைக் காதில் குவித்து, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். பிறகு மேலே ஏறிப் போய்விட்டார். அவர் ஆஸ்பத்திரிக்குப் போனாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது.

இப்போது எங்கள் வீடு அமைதியாக இருக்கிறது. அப்பா தெருவில் மோட்டார் ஓட்டப் பயந்து டெலிவரி வேலையை விட்டுவிட்டார். பின்னால் வரும் லாரி எந்தப் பக்கம் வருகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை. பகலில் அம்மா தூங்கலாம். தூங்குவதில்லை. அறையிலிருந்து அவரிடம் ஏதாவது கேட்பாள். பதில் வராது. கோபித்துக்கொண்டிருக்கிறாரா, கேட்கவில்லையா என்று எழுந்து வந்து பார்ப்பாள். போன வாரம் அவளே டிவியைப் போட்டாள். "இந்த வீட்ல உசுரு இருக்கிற மாதிரியே இல்ல பாப்பா" என்றாள். ஒலியைக் கூட்டிக்கொண்டே போனாள்.

அப்பா ஜன்னலோரம் பாயில், வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மாலையைக் கழற்றிவிட்டார், மீன் சாப்பிடுகிறார், ஆனால் உட்காருவதை விடவில்லை. அவருக்கு இடப்பக்கம் போய் உட்கார்ந்து, காதுக்குப் பக்கத்தில் கேட்டேன்.

"இப்ப எதப்பா பண்றீங்க? மூச்சா, மந்திரமா?"

"ஒண்ணும் இல்ல. சும்மா."

"எதுக்கு வேண்டிக்கிட்டு?"

"எதுக்குமில்ல. கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

அங்கிள் தியோ சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதைச் சொல்லி அப்பாவைத் தேற்ற முடியவில்லை. அவர் அங்கே பழகிப் போய்ச் சேரவில்லை. எல்லாம் கையைவிட்டுப் போன பிறகு அங்கே உட்கார்ந்திருக்கிறார். இதைத் தியானம் என்று சொல்லலாமா என்று எனக்குத் தெரியவில்லை.

"டிவி ஓடுதா?" என்று கேட்டார்.

"ஓடுதுப்பா."

"அம்மா முழிச்சுக்கப் போறா. அணைச்சிடு."

அம்மா டிவிக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். ரிமோட் அவள் கையில்தான் இருந்தது. அவர் சொன்னது அவளுக்குக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அணைக்கவும் இல்லை.